கணக்கை விட லேசான வார்ப்பு: குறை அடர்த்தி எஃகில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டி கட்டும் ஒருவர், கோவையில் நான் தரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீல் பவுண்டரிக்கு ஒரு பழைய வார்ப்பைக் கொண்டுவந்து இறக்கினார். ரிக்கின் மாஸ்ட் உச்சியில் கயிறு ஓடும் கப்பியைத் தாங்குகிற பிராக்கெட் அது. ஒன்றின் எடை 21.5 கிலோ, வண்டிக்கு இரண்டு. மாஸ்ட்டை ஒவ்வொரு தடவை நிமிர்த்தும்போதும் ஹைட்ராலிக் சிலிண்டர் உச்சியில் இருக்கும் எடையோடுதான் மல்லுக்கு நிற்கிறது. அங்கே ஒரு கிலோ குறைவதும் அடியில் ஒரு கிலோ குறைவதும் ஒன்றல்ல. "15 சதவீதம் குறைச்சுக் குடுங்க. அலுமினியம் மட்டும் வேண்டாமுங்க, முன்னாடியே போட்டுப் பார்த்து உடைஞ்சிருச்சு" என்றார்.

எங்கள் பவுண்டரி கிரஷர் தாடைகளுக்கு மாங்கனீஸ் எஃகு வார்த்துப் பழகியது. ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் கண்டுபிடித்த அதே எஃகுதான்: மாங்கனீஸ் 12 சதவீதம், கார்பன் ஒன்றேகால். அதனால் 'மாங்கனீஸைக் கூட்டி, அலுமினியம் சேர்த்தால் குறை அடர்த்தி எஃகு', அதாவது லேசான எஃகு, என்று கேள்விப்பட்டபோது, தெரிந்த தெருவில் நாலு வீடு தள்ளிப் போவது போலத்தான் எங்களுக்குத் தோன்றியது. பின்னால் நடந்த தவறுகளில் பாதி இந்தத் தைரியத்தில் இருந்து வந்தவை.

எஃகில் அலுமினியம் கரையும்போது எடை இரண்டு வழியில் குறைகிறது. அலுமினிய அணுவின் எடை இரும்பு அணுவின் எடையில் ஏறத்தாழப் பாதி. போதாததற்கு அது இடத்தையும் கொஞ்சம் கூடுதலாக அடைத்துக்கொண்டு படிகக் கட்டமைப்பை விரிக்கிறது. அலுமினியம் ஒரு சதவீதம் ஏறினால் அடர்த்தி சுமார் 1.3 சதவீதம் இறங்கும். ஆனால் அலுமினியத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எஃகு உடையும் தன்மைக்குப் போய்விடும். மாங்கனீஸையும் கார்பனையும் நிறையப் போட்டு அதை ஆஸ்டினைட் என்னும் வளையக்கூடிய படிக நிலையிலேயே பிடித்து வைத்தால்தான் வளைந்து கொடுக்கும்.

கலவையைத் தேர்ந்தெடுத்தது

எங்கள் இளம் பொறியாளர் முதலில் கொண்டுவந்தது, தென் கொரியாவின் போஹாங் பல்கலைக்கழகக் குழு 2015-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கலவை. அலுமினியம் 10, மாங்கனீஸ் 15, நிக்கல் 5, கார்பன் 0.8 சதவீதம். வலிமையை எடையால் வகுத்துப் பார்த்தால் டைட்டானியக் கலவைகளோடு போட்டி போடும் எஃகு. அந்தக் கட்டுரையைப் படித்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தகட்டைக் குளிர் நிலையில் உருட்டி, பிறகு சில நிமிடங்கள் 900 டிகிரியில் வைக்கும்போது, இரும்பும் அலுமினியமும் சேர்ந்த கடினமான துகள்கள் மிக நுண்ணியதாகச் சிதறிப் படிகின்றன. உருட்டல் இல்லாவிட்டால் அந்தச் சிதறல் இல்லை. வார்ப்பை யாரும் உருட்ட முடியாது. எனவே அதை விட்டுவிட்டோம். அந்தப் பொறியாளருக்கு வருத்தம்தான்.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் ரோலா நகரத்துப் பல்கலைக்கழகத்தில், வார்ப்புக்கென்றே இந்தக் குடும்ப எஃகை ஆராய்ந்திருக்கிறார்கள். கவசத் தகடு வார்ப்பதற்காகச் செய்த வேலை அது. அந்த வழியை ஒட்டி மாங்கனீஸ் 28, அலுமினியம் 9, கார்பன் 0.9, சிலிக்கான் 1, மாலிப்டினம் 0.5 சதவீதம் என்று முடிவு செய்தோம். கணக்குப்படி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.75 கிராம் வர வேண்டும். சாதாரண எஃகு 7.85. அதாவது அச்சை மாற்றாமலே 14 சதவீதம் குறையும், பிராக்கெட் 18.5 கிலோவில் நிற்கும். கேட்ட 15-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

சார்ஜ் கணக்கு

ஃபர்னஸில் எதை எவ்வளவு போடுவது என்ற இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதே வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

200 கிலோ உருக்கலுக்கு 56 கிலோ மாங்கனீஸ் வேண்டும். நாங்கள் வழக்கமாகப் போடும், இரும்பும் மாங்கனீஸும் கலந்த ஹை கார்பன் ஃபெரோ மாங்கனீஸில் மாங்கனீஸ் 72, கார்பன் 7 சதவீதம். முழுவதையும் அதிலிருந்தே எடுத்தால் 78 கிலோ போட வேண்டும், கார்பன் 2.7 சதவீதத்துக்கு ஏறிவிடும். அது எஃகே அல்ல. கார்பன் 0.9-இல் நிற்க வேண்டுமானால் சுமார் 26 கிலோவுக்கு மேல் போட முடியாது. அது 9 சதவீத மாங்கனீஸைத்தான் தரும். மீதி 19 சதவீதத்துக்கு மின்பகுப்பு மாங்கனீஸ், அதாவது செதில் செதிலாக வரும் சுத்த மாங்கனீஸ் வாங்க வேண்டும். அதன் விலையைக் கேட்ட முதலாளி, "அப்ப ஃபெரோவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு போட்டுருங்க" என்றார். கார்பனும் அதிலிருந்தே கிடைக்கிறது, தனியாகச் சேர்க்க வேண்டாம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அந்த 26 கிலோ ஃபெரோவோடு பாஸ்பரஸும் உள்ளே வருகிறது. கணக்குப் போட்டால் ஸ்கிராப்பில் இருப்பதையும் சேர்த்து 0.05 சதவீதம். போட்டுப் பார்த்தோம், பார்த்தும் பதறவில்லை. ஏனென்றால் ஹாட்ஃபீல்டு எஃகுக்கான தர விதிகள் பாஸ்பரஸை 0.07 வரை அனுமதிக்கின்றன. வருடக்கணக்காக அந்த எண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 0.05 நல்ல எண்ணாகத் தெரிந்தது.

முதல் உருக்கல்

சிலிக்கா லைனிங் உள்ள ஃபர்னஸில் இதை உருக்க முடியாது. அலுமினியம் சிலிக்காவைக் கரைத்துச் சிலிக்கானை உருக்குக்குள் ஏற்றிவிடும். மாங்கனீஸ் எஃகுக்கென்று மேக்னசைட் லைனிங்கோடு ஒரு சிறிய இண்டக்ஷன் ஃபர்னஸ் எங்களிடம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அச்சில் உருக்கு தொடும் முகத்துக்குச் சிலிக்கா மணலுக்குப் பதிலாக ஆலிவின் மணல் போட்டோம். சேலத்து வெள்ளைக்கல் பகுதியில் கிடைக்கும் டியூனைட் பாறையை உடைத்து எடுப்பது அது. மாங்கனீஸ் புகை நரம்பைப் பாதிக்கும் என்பதால் புகைக் கூண்டும் முகமூடியும் கட்டாயமாக்கினோம்.

அலுமினியத்தைக் கடைசியில், சிறு சிறு துண்டாக அமுக்கிப் போட்டோம். மிதந்தால் எரிந்து போகும். ஊற்றும்போது உருக்கின் மேல் ஒரு தோல் படர்ந்தது. வழக்கமான எஃகு தண்ணீர் போல ஓடும் சூட்டில் இது பால் ஆடை போர்த்திக்கொண்டு சோம்பலாகப் போயிற்று. அலுமினிய ஆக்சைடு படலம்தான் அது. ஓரிரண்டு மூலைகளில் இரண்டு ஓட்டம் சேராமல் மடிப்பு விழுந்தது. ஊற்றுவாயை அடிவழியாக மாற்றி, வழியில் செராமிக் ஃபில்டர் வைத்த பிறகு இது பெரும்பாலும் சரியானது.

மறுநாள் வார்ப்பை உடைத்து எடுத்தபோது வார்ப்பைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் பகுதியில் இருந்தவர் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இது இரும்புதானுங்களா? காந்தமே புடிக்கலீங்க" என்றார். ஆஸ்டினைட் எஃகில் அப்படித்தான். காந்தம் ஒட்டினால்தான் கவலை, ஃபெரைட் என்னும் வேறு படிக நிலை கலந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து காந்தமே எங்கள் முதல் சோதனைக் கருவி ஆகிவிட்டது. கலவையை அளக்கும் எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரோ இந்த விஷயத்தில் உதவவில்லை. அதன் அளவீடு 9 சதவீத அலுமினியம் வரை வராது, திரையில் வந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. துருவலை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி ரசாயன முறையில் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு எடை. ஒரு துண்டை அறுத்துக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து அடர்த்தி கணக்கிட்டோம். 6.6 வந்தது. கணக்கில் 6.75, கையில் 6.6. எதிர்பார்த்ததை விட லேசு! நானே அந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதி, வட்டம் போட்டேன். வாடிக்கையாளருக்குப் போன் போனது.

நான்கு நாள் கழித்து, ரைசரை, அதாவது உறையும்போது வார்ப்புக்கு உருக்கு ஊட்டும் கூடுதல் கட்டியைத் தட்டி எடுக்கும்போது, பிராக்கெட் அதன் நடுவில் இருக்கும் தடித்த வட்டத்தின் (நடுவட்டம்) குறுக்கே இரண்டாகப் பிளந்தது. சம்மட்டி அடி ஒன்றும் பலமானதல்ல.

கவனித்தவை

உடைந்த முகத்தில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, குண்டூசித் தலை அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் வழவழப்பான உள்சுவரோடு துளைகள், வாயுத் துளைகள். மற்றது, கல்கண்டை உடைத்தது போல முகம் முழுக்க மின்னிய படிக எல்லைகள். உலோகம் இழுபட்டு அறுந்த அடையாளமே இல்லை. அடித்து உடைத்துத் தாக்கு வலிமையை அளக்கும் சார்பி சோதனையில் 6 ஜூல்தான் வந்தது.

பலகையில் நான் வட்டம் போட்ட 6.6-க்கு அப்போதுதான் பொருள் விளங்கியது. கணக்குக்கும் அளவுக்கும் இடையில் இருந்த 2 சதவீத வித்தியாசம் காற்று. வேறு எந்த எஃகிலும் அடர்த்தி குறைந்தால் துளை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கே அடர்த்தி குறைவதே குறிக்கோளாக இருந்ததால், குறையைச் சாதனையாக எடுத்துக்கொண்டோம்.

வாயு எங்கிருந்து வந்தது? ஊற்றியது ஐப்பசி மாதம், விடாத மழை. மணலில் ஈரம் இருந்தது உண்மை. ஆனால் அதே நாளில், அதே மணலில் வார்த்த மாங்கனீஸ் தாடைகள் சுத்தமாக இருந்தன. வேறுபாட்டைத் தேடியபோது மின்பகுப்பு மாங்கனீஸ் செதிலில் போய் நின்றது. தண்ணீர்க் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் படிய வைக்கும் உலோகம் அது, படியும்போதே ஹைட்ரஜனையும் கூடச் சேர்த்துக்கொள்கிறது. நாங்கள் சாக்கைப் பிரித்து அப்படியே போட்டிருந்தோம். உருக்கில் இருக்கும் அலுமினியமும் சும்மா இருப்பதில்லை. ஈரம் பட்டால் ஆக்சிஜனைத் தான் எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனை உருக்குக்குள் தள்ளிவிடும்.

படிக எல்லையில் உடைந்ததற்குக் காரணம் இரண்டு. பாஸ்பரஸ் எல்லைகளில் போய்ச் சேர்ந்து அவற்றைப் பலவீனமாக்குகிறது. இந்தக் குடும்ப எஃகில் அதை 0.01-க்குக் கீழே வைத்தால்தான் தாக்கு வலிமை நிற்கும் என்று அந்த வார்ப்பு ஆய்வுகளிலேயே அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைப் படித்திருந்தேன். படித்ததும், கையில் இருந்த 0.07 என்ற பழைய எண்ணும் மோதியபோது, பழைய எண் ஜெயித்துவிட்டது. இரண்டாவது காரணம் கப்பா கார்பைடு. இரும்பு, மாங்கனீஸ், அலுமினியம், கார்பன் சேர்ந்த இந்தக் கார்பைடு படிகத்தின் உள்ளே நுண்ணியதாகப் படிந்தால் வலிமை. அச்சுக்குள் மெதுவாக ஆறும்போது எல்லைகளில் தடிப்பாகப் படிந்தால் கண்ணாடி.

எடுத்த முடிவுகள்

ஃபெரோ மாங்கனீஸை முழுவதுமாக நிறுத்தினோம். ஸ்கிராப்புக்குப் பதில் பாஸ்பரஸ் குறைந்த பிரஸ் ஷாப் தகட்டுக் கழிவு, கார்பனுக்குக் கிராஃபைட். உருக்கிய பிறகு பாஸ்பரஸை எடுத்துவிடலாமே என்று முதலாளி கேட்டார். முடியாது. அதற்கு ஆக்சிஜன் ஊத வேண்டும், ஊதினால் பாஸ்பரஸுக்கு முன்னால் அலுமினியமும் மாங்கனீஸும்தான் எரியும். உள்ளே வராமல் தடுப்பது ஒன்றே வழி.

இதில் ஒரு சிக்கல். ஃபெரோவை நிறுத்தினால் மின்பகுப்புச் செதிலின் அளவு ஏறுகிறது, அதோடு ஹைட்ரஜனும். பாஸ்பரஸுக்கு மருந்து வாயுவுக்கு நோய். செதிலை 500 டிகிரிக்கு மேல் சுட்டு, சூடாகவே சார்ஜ் செய்தோம். ஊற்றுவதற்கு முன், ஹைட்ரஜனை வெளியேற்ற ஆர்கான் வாயுவை உருக்கின் அடியில் இருந்து விட்டோம். உருக்கை ஏந்தும் லேடிலையும் அது ஓடும் வழியான ரன்னரையும் கொதிக்கச் சுட்டோம்.

ரைசரைத் தட்டுவது வெப்பச் சிகிச்சைக்குப் பிறகுதான் என்று வரிசையை மாற்றினோம். 1050 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துத் தண்ணீரில் அமுக்கினால் எல்லைக் கார்பைடு கரைந்துவிடும். அதுவரை யாரும் சம்மட்டி எடுக்கக் கூடாது. இந்த எஃகு சூட்டை மெதுவாகக் கடத்துவது, அதனால் 650 டிகிரி வரை அவசரப்படாமல் ஏற்றினோம்.

இரண்டாவது உருக்கலும் நடுவட்டமும்

பாஸ்பரஸ் 0.007. அடர்த்தி 6.74. இந்தத் தடவை யாரும் வட்டம் போடவில்லை. சோதனைத் துண்டில் 70 ஜூல் வந்தது. எல்லாம் சரி என்று பிராக்கெட்டை இழுவைச் சோதனையில் மாட்டினோம். வடிவமைப்புச் சுமைக்குக் கீழேயே நடுவட்டத்தில் விரிசல்.

சோதனைத் துண்டின் தடிமன் 25 மில்லிமீட்டர், நடுவட்டத்தின் தடிமன் 70. தண்ணீரில் அமுக்கியபோது மெல்லிய துண்டு சட்டென்று ஆறியது, தடித்த வட்டத்தின் உள்ளே சூடு தங்கி, கார்பைடு மறுபடியும் எல்லைகளில் படிந்தது. வட்டத்தின் மையத்தில் இருந்து அறுத்து எடுத்த துண்டில் 14 ஜூல்தான். பாகம் வேறு, சோதனைத் துண்டு வேறு என்பது எந்த வார்ப்பிலும் பழைய கதைதான். ஆனால் சாதாரண எஃகில் அந்த வித்தியாசம் இவ்வளவு கொடூரமாக இருக்காது.

அப்போதுதான் அந்த வட்டம் ஏன் 70 மில்லிமீட்டர் என்று கேட்டோம். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ரிக் கட்டுபவருக்கும் தெரியவில்லை, அச்சு எடுக்கும் பழைய மாதிரி (பேட்டர்ன்) அப்படி இருந்தது, அவ்வளவுதான். நடுவில் குழிவு விழப் பெரிய கோர் (மணல் கட்டி) போட்டுச் சுவரை 40-க்குக் குறைத்தோம். 1.1 கிலோ அதிலேயே போயிற்று.

முதுமைப்படுத்தலிலும், அதாவது மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்துக் கடினமாக்குவதிலும், பின்வாங்கினோம். 530 டிகிரியில் 30 மணி நேரம் வைத்தபோது பிரினெல் கடினம் 350 வந்தது, ஆனால் தாக்கு வலிமை பாதாளத்துக்குப் போனது. 10 மணி நேரத்தில் நிறுத்தி 300-க்கு ஒப்புக்கொண்டோம். மாஸ்ட் உச்சியில் இருக்கும் பாகத்துக்கு உச்சக் கடினம் தேவையில்லை, உடையாமல் இருப்பதுதான் தேவை. மூன்றாவது உருக்கலில் வட்டத்தின் மையத்திலேயே 45 ஜூல் கிடைத்தது.

பிறகு நடந்தது

வண்டியில் மாட்டிய முதல் வாரம் ஒரு புகார். உடையவில்லை, கப்பி லேசாகச் சாய்கிறது, கயிறு ஓரம் உரசுகிறது. இது நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது. அலுமினியம் அடர்த்தியை மட்டுமா குறைக்கிறது, விறைப்பையும் குறைக்கிறது. விறைப்பைச் சொல்லும் எண்ணான யங் குணகம் சாதாரண எஃகுக்கு 205 கிகாபாஸ்கலுக்கு மேல், இதற்கு 180-ஐ ஒட்டி. அதே வடிவம், அதே சுமை என்றால் இது ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாக வளையும். நல்லவேளையாக, பிராக்கெட்டைத் தாங்கும் விலா போன்ற ரிப்பின் விறைப்பு அதன் உயரத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். உயரத்தை 5 சதவீதம் கூட்டியதில் இழந்தது திரும்ப வந்தது. 0.3 கிலோ ஏறியது.

கடைசி எடை 17.7 கிலோ. முதலில் இருந்த 21.5-இல் இருந்து 3.8 கிலோ குறைந்தது, கேட்டதை விட அதிகம். வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. எனக்கு ஒரு உறுத்தல். வட்டத்தைக் குடைந்த வேலையைப் பழைய எஃகிலேயே செய்திருந்தால் 20.2 கிலோ வந்திருக்கும், ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல். புது எஃகின் கிலோ விலையோ பழையதைப் போல இரண்டரை மடங்கு. அதற்கு மேல் துளையிடும் செலவு: ட்ரில் நுனியில் உலோகம் இறுகிக்கொண்டே போவதால் சாதாரண ட்ரில்கள் நாலைந்து துளையில் மழுங்கின.

இந்தக் கணக்கை அப்படியே வாடிக்கையாளர் முன் வைத்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் இதே எஃகில் மேலும் மூன்று பாகங்கள் கேட்பதாக இருந்தார். கணக்கைப் பார்த்த பிறகு மாஸ்ட் உச்சிப் பிராக்கெட்டை மட்டும் புது எஃகில் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் சாதாரண எஃகிலேயே வடிவத்தை மாற்றி வார்த்துத் தரச் சொன்னார். ஆர்டரின் மதிப்பு குறைந்தது.

எதிர்பாராத இன்னொரு தொல்லை மீதக் கழிவில் வந்தது. ரைசர்களை ஸ்கிராப் குவியலில் போட்டபோது, காந்தம் ஒட்டாத துண்டெல்லாம் மாங்கனீஸ் எஃகு என்று நினைத்து யாரோ தாடை உருக்கலில் சேர்த்துவிட்டார். அந்த உருக்கல் முழுவதும் ஆடை கட்டி, ஊற்ற முடியாமல் கட்டியாகக் கொட்ட வேண்டியதாயிற்று. இப்போது குறை அடர்த்திக் கழிவு மஞ்சள் வண்ணம் பூசிய தனி டிரம்மில் இருக்கிறது, பூட்டோடு.

மறுபடி செய்வதானால்

முதலில் பாகத்தின் தடித்த இடத்தை அளப்பேன், கலவையைப் பிறகு பார்ப்பேன். வடிவத்தை மாற்றி எவ்வளவு எடை குறைக்கலாம் என்று பழைய எஃகிலேயே கணக்குப் போட்டு, மிச்சத்துக்குத்தான் புது எஃகைத் தேடுவேன். விறைப்பு முக்கியமான பாகமா, வலிமை முக்கியமான பாகமா என்று வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேட்பேன். சோதனைத் துண்டைத் தனியாக வார்க்காமல், ஒரு பிராக்கெட்டைப் பலி கொடுத்து அதன் நடுவட்டத்தில் இருந்தே எடுப்பேன். இரண்டாவது உருக்கலில் இதைச் செய்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். பாஸ்பரஸ் கணக்கை மாங்கனீஸ் எஃகின் தாளில் எழுதாமல் புதிய தாளில் எழுதுவேன். ஐப்பசியில் ஊற்றமாட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆர்டர் அப்படி வருவதில்லை.

பரிசோதனைத் தாளில் ஒரு வரியை மட்டும் அப்போதே மாற்றிவிட்டோம். மற்ற வார்ப்புகளுக்கு எடையின் மேல் வரம்பு மட்டும்தான் இருக்கும். இந்தப் பிராக்கெட்டுக்குக் கீழ் வரம்பும் உண்டு: 17.9 கிலோவுக்குக் கூடினாலும் ஒதுக்கு, 17.5-க்குக் குறைந்தாலும் ஒதுக்கு. அப்படி எடை குறைந்து ஒதுங்கிய இரண்டை அறுத்துப் பார்த்தோம். இரண்டிலும் துளை.